டிஜிட்டல் ஒளிபரப்பு வருமுன் மலையகப் பள்ளங்களை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதித் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிப் பெட்டி திருத்துவதும் அன்டனா கட்டுவதுமே எனது தொழில். நாட்டின் தரைவழித் தொலைக்காட்சி ஒளிபரப்பை டிஜிட்டல் முறைக்கு மாற்றுவது பற்றிய செய்தி பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் அதைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அதற்கென ஜப்பானிய முறையான ஐ.எஸ்.டி.பி.-டி. தெரிவுசெய்யப்பட்டது 2014ஆம் ஆண்டில். அன்று முதல் நான் சேர்த்து வைத்திருக்கும் செய்தித்துண்டுகளில் கோபுரங்களைப் பற்றியும் கடனுதவி பற்றியும் படத்தின் துல்லியத்தைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோபுரங்களிலிருந்து புறப்படும் அலை தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான ஒரு லயன் வீட்டுக் கூரைக்கு உள்ளபடியே வந்து சேருமா என்பதைப் பற்றி ஒரு வரியையும் நான் இதுவரை காணவில்லை. கூரைகளின் மேல் நின்றே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அதைப் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன்.

நாட்டின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகல எங்கள் நுவரெலியா மாவட்டத்திலேயே இருக்கிறது. 2,524 மீற்றர் உயரமுள்ள அதன் உச்சியிலிருந்துதான் 1982இல் தொடங்கப்பட்ட ரூபவாஹினியின் ஒளிபரப்பு நாட்டின் பெரும்பகுதிக்குச் சென்றது. மஸ்கெலியா நகரம் அந்த உச்சியிலிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. பொகவந்தலாவை அதைவிடச் சற்று அருகில். வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துப் பார்ப்பவருக்கு, இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்குப் படம் தெளியாமல் போவதற்குக் காரணமே தோன்றாது. ஆனால் வரைபடத்தில் தெரியாத மேடுகள் நடுவில் வரிசையாக நிற்கின்றன. தோட்டங்களில் தேயிலை மலைச்சரிவில் இருக்கும். லயன்களோ தண்ணீர் வசதி கருதி ஆற்றோரத்திலும் ஓடைப் பள்ளத்திலும் கட்டப்பட்டவை. மேல் டிவிஷனில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், கண்ணாடி போலத் தெரியும் படம், அதே தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஒரு புள்ளிக்கூட்டமாக இருப்பதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே நடை தூரம் கால் மணி நேரம்தான்.

வீ.எச்.எப். எனப்படும் குறைந்த அதிர்வெண் பட்டையில் வந்த ஒளிபரப்பு இந்தப் பள்ளங்களில் ஓரளவுக்காவது கிடைத்தது. ஏறத்தாழ 200 மெகாஹேர்ட்ஸில் வரும் அலையின் நீளம் ஒன்றரை மீற்றர். நீண்ட அலை மலையின் விளிம்பைத் தொட்டதும் சற்றே வளைந்து மறுபக்கத்துப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். முழுப் பலத்தோடு இறங்காவிட்டாலும், பார்க்கக்கூடிய அளவுக்கு ஏதோ ஒன்று இறங்கும். பின்னர் வந்த தனியார் அலைவரிசைகளில் பெரும்பாலானவை அதைவிட அதிர்வெண் கூடிய யூ.எச்.எப். பட்டையில் வந்தன. 600 மெகாஹேர்ட்ஸில் அலையின் நீளம் அரை மீற்றர்தான். அந்த அலை ஏறத்தாழ வெளிச்சம் போலவே நடந்துகொள்கிறது. மலைக்குப் பின்னால் நிழல் விழுந்தால் அங்கே இருட்டுத்தான். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அலையின் நீளம் குறையக் குறைய, அதற்கேற்ற அன்டனாக் கம்பியின் நீளமும் குறைகிறது. எளிய ஒற்றைக் கம்பி அன்டனா 200 மெகாஹேர்ட்ஸில் பிடித்துத் தரும் சக்தியில், 600 மெகாஹேர்ட்ஸுக்கான கம்பி, அலையின் செறிவு ஒன்றாகவே இருந்தாலும், ஒன்பதில் ஒரு பங்கைத்தான் பிடித்துத் தரும். அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் யூ.எச்.எப். அன்டனாவில் பத்துப் பதினைந்து கம்பிகளை ஒரே தண்டில் வரிசையாக வைக்கிறோம். கம்பிகள் கூடக்கூட அது பார்க்கும் திசை குறுகிக்கொண்டே போகும். பலத்த காற்றில் அது கைவிரலளவு திரும்பினாலும் படம் மங்கிவிடுவது அதனால்தான்.

சக்தி தொலைக்காட்சி 1998இல் வந்தபோதும், வசந்தம் 2009இல் தொடங்கியபோதும் தோட்டங்களில் அன்டனா வேலைக்கு ஓய்வே இல்லாதிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தங்கள் மொழியில் செய்தி பார்க்க வேண்டும் என்பதற்காகவே, தீபாவளி முற்பணத்தில் ஒரு பகுதியை அன்டனாவுக்கும் கேபிளுக்கும் ஒதுக்கிய குடும்பங்கள் பல. அவர்களிடம் வேலைக்கூலி வாங்கிய பிறகு, 'இந்த இடத்தில் இதற்கு மேல் வராது' என்று சொல்லிவிட்டுக் கூரையிலிருந்து இறங்குவது எளிதான காரியமாக இருக்கவில்லை. ஒரு முறை கீழ் டிவிஷன் ஒன்றில் வயதான அம்மா ஒருவர், "தம்பி, மேல் லயத்துல தெரியுதே, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று கேட்டார். அவருக்கு அலைநீளத்தைப் பற்றி விளக்க என்னால் முடியவில்லை.

வேறு வழியில்லாத இடங்களில் நாங்கள் எதிரொலியைப் பிடித்தோம். கோபுரம் இருக்கும் திசையை மலை மறைத்திருந்தால், அன்டனாவை அதற்கு நேர் எதிராகத் திருப்பி, எதிர்ப்பக்கத்து வழுக்குப் பாறையை நோக்கி வைத்தால், பாறையில் பட்டுத் திரும்பும் அலை கிடைக்கும். அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. நேர்வழியில் வரும் பலவீனமான அலையும் இரண்டு மூன்று பாறைகளில் பட்டு வரும் அலைகளும் சேர்ந்தே வந்து, திரையில் ஒரே ஆளுக்குப் பக்கத்தில் அவருடைய நிழலுருவத்தையும் காட்டும். ஒன்றரைக் கிலோமீற்றர் சுற்றி வரும் அலை ஒரு விநாடியின் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு தாமதமாக வருகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் அந்தத் தாமதம், 21 அங்குலப் பழைய பெட்டியின் திரையில் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் தள்ளி விழும் இரட்டை உருவமாகத் தெரியும். செய்தியின் கீழே ஓடும் எழுத்துக்களை அப்படியான படத்தில் வாசிக்கவே முடியாது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழையும் பனிமூட்டமும் படத்தைக் கெடுக்கின்றன என்று எங்கள் பகுதியில் எல்லோரும் நம்புகிறார்கள். செய்மதித் தட்டுக்கு மழை பெரிய தடைதான். யூ.எச்.எப். அலையை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை. மூடுபனி தடுப்பதே இல்லை. தடுப்பது மழையில் நனைந்த மரம். லயனுக்கு முன்னால் வளர்ந்து நிற்கும் யூகலிப்டஸ் வரிசை உலர்ந்திருக்கும்போது விடுகின்ற அலையை, இலையெல்லாம் தண்ணீர் ஏந்தி நிற்கும்போது விடாது. அதைவிட அதிகமாகக் கெடுப்பது, அன்டனாவின் இணைப்புப் பெட்டிக்குள் புகும் நீர். மூடி உடைந்த பெட்டிக்குள் ஒரு மழைக்காலம் தண்ணீர் இறங்கினால், செம்பு பச்சை பூத்து, கேபிளின் வலை கறுத்து, அடுத்த மழைக்குள் அந்தக் கேபிள் வெறும் கயிறாகிவிடும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் மாதக்கணக்கில் விடாது. மழைக்காலம் முடிந்ததும் நான் மாற்றிக்கொடுத்த கேபிள்களின் நீளத்தைச் சேர்த்தால் ஹட்டனுக்கே போய்விடும்.

கேபிளிலேயே அலை கரைந்துபோகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. விலை குறைந்த மெல்லிய கேபிள் 30 மீற்றர் நீளத்துக்கு இழுக்கப்பட்டால், அன்டனா பிடித்துக் கொடுத்ததில் பாதிக்கு மேல் பெட்டிக்கு வந்து சேர்வதில்லை. அதற்கு மருந்தாகக் கடையில் பூஸ்டர் விற்கிறார்கள். பூஸ்டரை அன்டனாவுக்கு அருகில் கம்பத்திலேயே பொருத்தினால் பயன் உண்டு. வீட்டுக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், கரைந்துபோன மிச்சத்தையும் அதோடு கலந்துவிட்ட இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இல்லாத அலையை எந்தப் பூஸ்டரும் உண்டாக்கித் தராது. அண்மைக் காலத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: மேட்டில் கைத்தொலைபேசிக் கோபுரம் நிற்கும் இடங்களில், எல்லா அலைகளையும் வேறுபாடின்றி உள்வாங்கும் மலிவான பூஸ்டர், அந்தக் கோபுரத்தின் பலத்த அலையில் திணறித் தொலைக்காட்சி அலையையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறது. அதற்கென வடிகட்டி ஒன்று பொருத்தினால் சரியாகும் என்பது வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? பெட்டி பழுதென்று எண்ணிப் புதிய பெட்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் இறுதியில், ஒரு தோட்டத்தின் கீழ் டிவிஷன் இளைஞர்களும் நானும் சேர்ந்து மலை மேட்டில் அன்டனா ஒன்றை நாட்டினோம். லயனிலிருந்து பார்த்தால் கோபுரத்தின் திசையே தெரியாது. மேட்டில் ஏறி நின்றால் படம் அப்பழுக்கின்றித் தெரிந்தது. அங்கிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே 200 மீற்றருக்கு மேல் கேபிளை இறக்கி, வழியில் இரண்டு இடங்களில் பெருக்கி வைத்து, லயனின் பன்னிரண்டு காம்பிரா வீடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தோம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி வாங்கியதும், காசு சேர்த்ததும், கேபிள் உருளையைத் தோளில் சுமந்து ஏறியதும் எல்லாம் அந்த இளைஞர்களே. ஏறத்தாழ எட்டு மாதம் அந்த லயனில் எல்லா வீட்டிலும் படம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு அந்த மலைக்குத் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வந்தது. செடியோடு செடியாகக் கிடந்த கேபிள் கத்தியில் நான்கு இடங்களில் வெட்டுப்பட்டது. ஒட்டுப் போட்டோம். அடுத்து சித்திரை மாத இடி, மேட்டிலிருந்த பெருக்கியையும் மூன்று வீட்டுப் பெட்டிகளையும் கருக்கியது. யாருக்கும் உயிராபத்து நேராதது பெரும் ஆறுதல். அதோடு நாங்கள் அதைக் கைவிட்டோம். இடிதாங்கியும் நில இணைப்பும் இல்லாமல் மேட்டில் கம்பம் நாட்டியது எங்கள் தவறுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எட்டு மாதம் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: அலை அந்த லயனுக்கு 200 மீற்றர் தூரம் வரை வந்து நிற்கிறது. மிச்சமிருக்கும் 200 மீற்றரைக் கடக்க வைக்கும் ஏற்பாட்டை ஏழைக் குடும்பங்கள் தங்கள் கைக்காசில் செய்யும்படி விடக்கூடாது.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்கு மேல் உயர்ந்த கம்பங்களில் அன்டனா கட்டி, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த தூரதர்ஷனைப் பார்த்ததை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். தட்டையான நிலமும் திறந்த கடலும், கடலின் மேல் சில மாலைகளில் படியும் வெப்பக் காற்றுப் படலமும் அலையைத் தொலைதூரம் இட்டுச் சென்றன. வன்னியில் 1990இல் அழிந்த கொக்காவில் கோபுரம், 174 மீற்றர் உயரத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு 2011இல் திறக்கப்பட்டபோது, அந்தச் சமவெளியில் ஒரே கோபுரம் பரந்த நிலப்பரப்புக்குப் போதுமானதாக இருந்தது. வடக்கே ஒரு கோபுரம் செய்கின்ற வேலையை, எங்கள் மலைகளில் அதே உயரமுள்ள ஒரு கோபுரம் செய்யாது என்பதைத் திட்டமிடுபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இனி டிஜிட்டலுக்கு வருகிறேன். அந்த முறையை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். பாறைகளில் பட்டுத் தாமதமாக வரும் அலைகளைத் தாங்கிக்கொள்ளும் விதமாகவே அது அமைக்கப்பட்டிருக்கிறது; பல கிலோமீற்றர் சுற்றி வரும் எதிரொலியைக்கூட அது பொறுத்துக்கொள்ளும். முப்பது ஆண்டுகளாக எங்களை வாட்டிய இரட்டை உருவம் அதோடு ஒழியும். ஒரே அலைவரிசை இடத்தில் பல நிகழ்ச்சிகளை அனுப்பலாம் என்பதால், தமிழ் ஒளிபரப்புக்கு இடமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆயினும் பழைய அனலாக் முறைக்கு இருந்த ஒரு நல்ல குணம் டிஜிட்டலுக்கு இல்லை. அலை குறைந்தால் அனலாக் படம் சிறிது சிறிதாக மங்கும். புள்ளிகள் நிறைந்த திரையிலும் முகம் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் அலை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்வரை படம் குறையின்றி இருக்கும்; அந்த அளவுக்குச் சற்றுக் கீழே போனதும் கட்டங்கட்டமாக உடைந்து, அடுத்த கணமே திரை முழுவதும் கறுத்துவிடும். குரலும் நின்றுவிடும். இன்று அரைகுறையாகவேனும் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும் கீழ் டிவிஷன் குடும்பம், அனலாக் நிறுத்தப்படும் நாளில் எதுவுமே இல்லாமல் நிற்க வேண்டிவரும். எனது கவலை முழுவதும் அந்த நாளைப் பற்றியதே.

இதைத் தவிர்க்கும் வழி அந்த முறையிலேயே இருக்கிறது. ஒரே அதிர்வெண்ணில் அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் பல சிறிய அஞ்சல் (ரிலே) நிலையங்களை இயக்க டிஜிட்டல் முறை இடம் தருகிறது. அனலாக் காலத்தில் அப்படிச் செய்திருந்தால் ஒன்றையொன்று கெடுத்திருக்கும். எனவே பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் மேடுகளில், ஏற்கெனவே மின்சாரமும் பாதையும் உள்ள இடங்களில், குறைந்த சக்தியுள்ள சிறு நிலையங்களை அமைத்தால் போதும். எந்த மேடு என்பதைக் கணினி வரைபடம் மட்டும் சொல்லிவிடாது. ஒளிபரப்பு எல்லையைக் கணக்கிடும்போது, வீட்டின் அன்டனா நிலத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வது உலகெங்கும் பொறியியலாளர்களின் வழக்கம். லயனின் தகரக்கூரை நான்கு மீற்றர் உயரமும் இருக்காது. அதன் மேல் ஜீ.ஐ. குழாய் கட்டினாலும் பத்து மீற்றரைத் தொடுவது அரிது, தொட்டாலும் காற்றுக்கு நிற்காது. பத்து மீற்றரில் இருக்கும் அலை நான்கு மீற்றரில் இருப்பதில்லை. ஆகவே 'இத்தனை வீதம் மக்களுக்கு ஒளிபரப்பு கிடைக்கும்' என்ற அறிக்கை வெளிவருமுன், ஒவ்வொரு தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும், லயன் கூரையின் உயரத்தில், ஒரு முறை மழை நாளிலும் ஒரு முறை வெயில் நாளிலும் அலையின் பலத்தை அளந்து, அந்தப் பட்டியலை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தொடர்புடைய அமைச்சையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அலை கிடைக்காத டிவிஷன்களுக்கு அஞ்சல் நிலையம் வரும்வரை அப்பகுதியில் அனலாக்கை நிறுத்தக்கூடாது.

டிஜிட்டல் அலையைப் பழைய தொலைக்காட்சியில் படமாக்கித் தரும் டிகோடரை மானிய விலையில் கொடுப்பதாக இருந்தால் அதோடு தரமான யூ.எச்.எப். அன்டனாவும் தடித்த கேபிளும் பொருத்தும் கூலியும் சேர்ந்தே வர வேண்டும். டிகோடரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், துருப்பிடித்த பழைய அன்டனாவில் அதை இணைத்துப் பார்த்து, படம் வராததால் பரணில் போட்டுவிடுவார்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் தோட்டத்து இளைஞர்களுக்கு இந்த வேலையை நில இணைப்பு, மின்கம்பிப் பாதுகாப்பு உட்பட முறையாகக் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல், ஈரக் கூரையில் வழுக்கி விழுந்து கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

செய்மதித் தட்டு வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று சிலர் கேட்கிறார்கள். தோட்டங்களில் பல வீடுகளில் தட்டு இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். அடிப்படை நாட்சம்பளத்தில், வேலை கிடைக்கும் நாட்களை எண்ணி வாழும் குடும்பத்துக்கு அரிசி, மா, பிள்ளைகளின் கொப்பி எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அதைக் கட்ட முடியும். பணம் கட்டாத மாதங்களில் படம் தெரியாமல் கூரையில் வெறுமனே நிற்கும் தட்டுகளை நான் தினமும் பார்க்கிறேன். கொழும்பில் உள்ளவருக்கு அன்டனா வழியாக இலவசமாகக் கிடைக்கும் அரச அலைவரிசை, மஸ்கெலியாவில் உள்ளவருக்குக் கட்டணம் செலுத்தினால்தான் கிடைக்கும் என்பது நியாயமாகாது. கைத்தொலைபேசியில் பார்க்கலாமே என்பவர்களுக்கும் இதே பதில்தான். தொலைக்காட்சி அலை இறங்காத பள்ளத்தில் தொலைபேசி அலையும் பெரும்பாலும் இறங்குவதில்லை.

இதைப் பொழுதுபோக்கு விடயமாக மட்டும் கருதிவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தெரிவுசெய்யப்பட்ட ஜப்பானிய முறையில் அனர்த்த எச்சரிக்கைக்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்கேற்ற பெட்டிகளில், எச்சரிக்கைக் குறியீடு கிடைத்ததும் அணைந்திருக்கும் பெட்டியும் தானாக விழித்துக்கொள்ளும். நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கும் நாட்டில் உருவான ஏற்பாடு அது. மண்சரிவு அபாயத்தில் வாழும் எங்களைவிட அது வேறு யாருக்கு அதிகம் தேவைப்படும்? அந்த முறை தெரிவுசெய்யப்பட்ட அதே 2014ஆம் ஆண்டில், ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை, சரிவின் அடியில் உள்ள லயனுக்குத் தமிழில், உரிய நேரத்தில் சென்று சேர வேண்டும். அலை இறங்காத பள்ளங்களும் மண் இறங்கும் சரிவுகளும் எங்கள் பகுதியில் பெரும்பாலும் ஒரே இடங்களாகவே இருக்கின்றன.

அளவெடுக்கும் குழுவொன்று மஸ்கெலியாப் பக்கம் வருமானால், எந்தத் தோட்டத்தில் எந்த லயனின் மேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்பதற்கு என்னிடம் கையால் எழுதிய கொப்பி ஒன்று இருக்கிறது. நான் அன்டனா கட்டிய இடங்களும், கட்ட முடியாமல் திரும்பிய இடங்களும், எந்தப் பாறையை நோக்கித் திருப்பினால் எந்த அலைவரிசை கிடைத்தது என்பதும் அதில் குறித்திருக்கின்றன. கூலி எதுவும் கேட்காமல் அவர்களோடு நடந்து வந்து ஒவ்வோர் இடத்தையும் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். மழை தொடங்குமுன் வந்தால் கூரைகளில் ஏறுவது சற்று எளிதாக இருக்கும்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி திருத்துநர் ஒருவர்,
மஸ்கெலியா.